முழுப் பேர்

போன வாரம் ஞாயிறு பாடசாலைக்குப் பதினொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அந்த மழைக்கு அது பெரிய கூட்டம். வட்டவளை மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு எத்தனை சொன்னாலும் விளங்காது. வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற இடம் இது. ஹட்டனில் வெயில் காய்ந்துகொண்டே ரயில் ஏறினால், ரொசெல்லை தாண்டி இங்கே இறங்கும்போது குடையை விரிக்க வேண்டியிருக்கும். மே மாதம் பிடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் விடாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பைக் காய வைப்போம். 'மழை விட்டதும் வாரேன்' என்று இந்த ஊரில் ஒருவர் சொன்னால் வரமாட்டார் என்று அர்த்தம்.

அன்றைய பாடம் மத்தேயு இருபதாம் அதிகாரம். தோட்டக்காரர் ஒருவர் விடிகாலையில் சந்தைக்குப் போய் ஆள் பிடிக்கிறார். நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று பேச்சு. ஒன்பது மணிக்குப் போகிறார், பன்னிரண்டுக்குப் போகிறார், மூன்றுக்குப் போகிறார், பொழுது இறங்குகிற ஐந்து மணிக்கும் போகிறார். அப்போதும் அங்கே ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறார். சம்பளம் கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்குகிறார். எல்லாருக்கும் அதே ஒரு வெள்ளிக்காசு. வெயிலில் நாள் முழுக்க வெந்தவர்களுக்கு ஆத்திரம் வருகிறது.

"இதில் யார் செய்தது சரி?" என்று கேட்டேன். வழக்கமாகப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் "இயேசு" என்று பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அன்றைக்கு நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழும்பினான்.

"தோட்டக்காரர் செஞ்சது புழ டீச்சர். அஞ்சு மணிக்கு வந்தவங்களுக்கு அரைப் பேர்தான் போடணும்."

எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் நாற்பது வருடத்துக்கு முன் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இந்தக் கதையை அப்படியே தோட்டத்துப் பாஷையில் சொன்ன ஒருத்தி இருந்தாள்.

பேர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் வேலைக்குப் போனால் சம்பளம் வந்துவிடாது; பேர் விழ வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் முகத்தைக் காட்டி, மலை ஏறி, இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டம் வைத்திருக்கிற அளவை எடுத்தால் முழுப் பேர். எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். மேலே எடுக்கிற கிலோவுக்குத் தனிக் காசு. நாளுக்கு மூன்று தரம் கொழுந்து நிறுப்பார்கள். சாக்குக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், தண்ணிக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். எங்கள் ஊரில் தண்ணி இல்லாத கொழுந்து எந்த நாளில் இருந்தது? ஆகையால் கழிவு என்றைக்கும் உண்டு. ஒரு பெண்ணின் மாதம் எப்படிப் போனது என்று கேட்டால், எத்தனை பேர் விழுந்தது என்றுதான் பதில் வரும். ஆளை ஒரு பெயராகக் கணக்கிடுகிற, பிறகு அந்தப் பெயரையும் பாதியாக வெட்டுகிற இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு குரூரமான சாமர்த்தியம் இருந்திருக்கிறது.

என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எழுத்து வாசிக்கத் தெரியாது. கைநாட்டுத்தான். ஆனால் வேதத்தில் பாதியைக் காதால் கேட்டே மனதில் வைத்திருந்தாள். மத்தேயு இருபதுக்கு அவள் வைத்த பேர், 'எல்லாருக்கும் முழுப் பேர் போட்ட தொர'. உலகத்தில் அப்படி ஒரு துரையை அவள் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தக் கதை அவளுக்கு அத்தனை பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் காதுக் கல்வி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1854இல், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், தோட்டத் துரைமார் சிலரும் சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கமும் சேர்ந்து மலைநாட்டில் ஒரு ஊழியத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் தமிழ்க் கூலி மிஷன். ஆமாம், பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அதில் முதலில் ஊழியம் செய்ய வந்தவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார். ரயில் ஹட்டனுக்கு வந்ததே 1884இல்தான். அதற்கு முந்திய முப்பது வருடமும் அவர்கள் தோட்டம் தோட்டமாக, அட்டைக்கடியோடு, ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். வேலை முடிந்த பொழுதில் லயத்து வாசலில் நின்று வாசித்துக் காட்டினார்கள். கேட்டவர்களுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் மனப்பாடமாய்ப் போனது.

துரைமார் எதற்குக் காசு கொடுத்தார்கள்? சிலர் உண்மையான பக்தியில் கொடுத்திருப்பார்கள். அடங்கி நடக்கிற தொழிலாளி கிடைப்பான் என்ற கணக்கும் கூடவே இருந்திருக்கும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் உபதேசியார் தோளில் தூக்கி வந்த புத்தகத்தில் மத்தேயு இருபதும் இருந்தது. கோப்பியில் நோய் விழுந்து, 1869க்குப் பிறகு தோட்டம் தோட்டமாகச் செத்து, தேயிலை வந்து, துரைமார் மாறி, கம்பெனிகள் மாறி, எல்லாம் போனது. அந்தக் கதை மட்டும் கைநாட்டுக்காரியான என் அம்மாயி வரைக்கும் வந்து சேர்ந்தது.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

எனக்குப் பதினொரு வயது. பாடசாலை விடுமுறை. மலைக்குத் தேத்தண்ணி கொண்டு போவது என் வேலை. ஒரு போத்தலில் சாயத் தண்ணி, ஒரு துண்டுத் தேங்காய் ரொட்டி. தோட்டங்கள் அப்போது அரசாங்கத்தின் கையில் இருந்தன. 1992இல்தான் கம்பெனிகளிடம் போயின. அன்றைக்கு நான் போனது பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால். கொழுந்து மடுவத்துக்கு இறங்குகிற வளைவில் அம்மாயி நின்றாள். பக்கத்தில் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராப் பெரியாயி. சொந்தமில்லை, ஊர் முறைக்குப் பெரியாயி. அவளுக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். கண்ணில் பூ விழுந்து, கை நடுங்கி, மட்டத்துக்கு மேலே எழும்பியிருக்கிற கொழுந்தைத் தடவித் தடவித்தான் எடுப்பாள். அவள் கூடையில் பாதிதான் இருந்தது.

அம்மாயி சுற்றும்முற்றும் பார்க்கவுமில்லை, ஒன்றும் பேசவுமில்லை. தன் கூடையிலிருந்து ஒரு அள்ளு, இரண்டு அள்ளு, மூன்று அள்ளு எடுத்துப் பெரியாயியின் கூடையில் போட்டாள். பெரியாயி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இருவரும் முன்னும் பின்னுமாக இறங்கிப் போனார்கள். பெரியாயிக்கு முழுப் பேர் விழுந்தது. அம்மாயிக்கும் விழுந்தது, ஆனால் மேல் கிலோக் காசு இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மேல் கிலோக் காசில்தான் எனக்கு சப்பாத்து வாங்குவதாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். "அது நம்ம கொழுந்து. நீ ஏன் போட்ட? தெனமும் போடுறியா?" என்று கேட்டேன்.

"ஏ புள்ள, கத்தாத. அஞ்சு மணிக்கு வந்தவங்க ஏன் அஞ்சு மணிக்கு வந்தாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

"சோம்பேறிங்க."

"இல்ல. காலையில வந்து நின்னாங்க. வயசாளி, நோயாளி, கண்ணு தெரியாதவங்க. அவங்கள யாரும் எடுக்கல. நாளு முழுக்க நிக்கிறதும் வேலதான்."

அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். ஐந்து மணிக்காரர்கள் என்றால் கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவர்கள் என்றுதான் அநேகமாக எல்லாரும் விளக்குகிறார்கள். அது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஏன் சந்தையில் மிச்சமாகி நின்றார்கள் என்று கேட்ட பிரசங்கியை நான் இன்னும் சந்திக்கவில்லை. வேலைக்கு ஆள் பொறுக்குகிற இடத்தில் வாழ்நாள் முழுக்க நின்றவளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்போல.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பெரியாயி எடுக்காத கொழுந்து அவள் பேரில் நிறுக்கப்பட்டது. அது பொய்க் கணக்கில்லையா? வளர்ந்த பிறகு அம்மாயியிடம் இதைக் கேட்டேன், கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டத்தான். "தோட்டத்துக்கு ஒரு எல கொறஞ்சுதா?" என்றாள். குறையவில்லை. குறைந்தது அவள் காசு மட்டும். ஆகவே எனக்கு அதில் பாவம் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், சண்டை போடலாம்.

தோட்டத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இயேசு சொன்னவற்றில் சில, கொழும்புப் பிள்ளைகளை விடச் சுலபமாகப் புரியும். சில புரியவே புரியாது. ஜெபம் பண்ணுவதென்றால் உள்ளறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறார் அல்லவா? நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். எந்த உள்ளறை? பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு. அதில் நாங்கள் எட்டு ஆட்கள். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே தூக்கம் கலையும். கதவைப் பூட்டினால் புகையில் மூச்சு முட்டும்.

அம்மாயியின் உள்ளறை அவளுடைய கம்பளி. மழைக்குத் தலையிலிருந்து போர்த்திக்கொள்கிற அந்தக் கறுத்த கம்பளியை விடியற்காலை நாலரைக்கு இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது. அந்த நேரம் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. ரொட்டி மாவு பிசைகிற என் அம்மாவும் கூப்பிடமாட்டாள். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு கம்பளியை உதறிவிட்டுப் பீலிக்குத் தண்ணிக்குப் போவாள். நீளமான ஜெபம் ஜெபிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மைக்கில் ஜெபிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கம்பளிக்குள் அவள் என்ன சொன்னாள் என்று ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை. இன்றைக்கு எனக்குக் கதவுள்ள அறை இருக்கிறது. ஐந்து நிமிஷம் உட்கார முடிவதில்லை, கைத்தொலைபேசியில் கை போய்விடுகிறது. ஆகவே சில நாள் நானும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள்.

தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்தைப் பற்றிச் சொல்லாமல் தோட்டத்துக் கிறிஸ்தவர் யாரும் பதிவு எழுத முடியாது. திராட்சைக்கொடியைத் தோட்டக்காரர் வெட்டிச் சுத்தம் பண்ணுவதைப் பற்றி யோவான் எழுதியிருப்பதை எடுத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து வருகிற பிரசங்கிமார் எல்லாரும் எங்களுக்குத் தேயிலைக் கவ்வாத்தைப் பற்றிப் பாடம் எடுப்பார்கள். ஒருவர் வந்து, காய்ந்த கிளைகளை வெட்டுவதுதான் கவ்வாத்து, அதுபோல நம்மில் இருக்கிற காய்ந்த பாவங்களை தேவன் வெட்டுகிறார் என்றார். பின் பெஞ்சில் முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்த மாமா ஒருவர் இருந்தார். ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "காஞ்சத ஒடிக்கிறதுக்குக் கத்தி எதுக்குங்க? நல்லா தளதளன்னு நிக்கிறதத்தான் வெட்டணும். அதுலதான் நோவு."

அவர் இன்னொன்றும் சொன்னார், அதை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியை வெட்டுகிறபோது, வேரில் தெம்பு குறைந்த செடி என்றால் மொட்டையாக வெட்டமாட்டார்கள். ஓரிரு கிளையை இலையோடு விட்டுவிடுவார்கள். புதுத் தளிர் வரும்வரைக்கும் செடி அதை வைத்துத்தான் மூச்சு விடும். அதையும் வெட்டினால் செத்துப்போகும். "எதை விடணும்னு தெரிஞ்சவன்தான் கவ்வாத்துக்காரன்" என்றார் மாமா. எங்கள் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்த வருடத்தில், விசுவாசமெல்லாம் வெட்டுப்பட்டுப் போன மாதிரி இருந்தபோது, எனக்கென்று விட்டுவைக்கப்பட்டிருந்த கிளை எது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் என்று தெரிந்தது. ஆலயத்துக்குள் பாட்டுப் பாட வாய் வராத நாட்களிலும் அவர்களுக்குக் கதை சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். நம்பிக்கை வளர்கிறது என்று பெரிதாகப் பேசுகிறோம். சில வருடங்களில் அது உயிரோடு இருந்தாலே போதும்.

இப்படி எழுதிக்கொண்டு போனால் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கிறாள் என்று நினைப்பீர்கள். பேசுகிறேன். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வந்தது. அதற்காக மக்கள் எத்தனை வருடம் ரோட்டில் நின்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சம்பளம் ஏறியது, கூடவே பல தோட்டங்களில் கிலோ அளவும் ஏறியது. 2024இல் 1,350 ஆனது. கையில் முழுதாக வாங்குகிறவர்கள் யார் என்று லயத்தில் கேட்டுப் பாருங்கள். அரைப் பேர் என்ற சொல் ஒழியவில்லை. அந்த நாலாம் ஆண்டுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? முந்தின ராத்திரி வீட்டில் கேட்டிருப்பான்.

ஆகவே முழுப் பேர் போட்ட துரையின் கதையைச் சொல்லிவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, வீட்டுக்குப் போங்கள் என்று என்னால் சொல்ல முடிவதில்லை. இயேசுவின் பின்னால் போவதென்றால் நிறுக்கிற இடத்துக்கும் போகவேண்டும். கண்டியில் 1972இல் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிய யேசு சபைக் குரு போல் கஸ்பெர்ஸ் அப்படிப் போனவர். தோட்டத்து மக்களின் சம்பளத்தையும் லயத்தையும் குடியுரிமையையும் பற்றி, 2017இல் இறக்கும் வரைக்கும் சலிக்காமல் பேசினார், எழுதினார். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. அதனால் என் சின்ன வயதில் எங்கள் ஆலயத்தில் அவர் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை. அது எங்கள் நட்டம்.

சபைப் பிரிவினைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. ஒன்றே ஒன்று. எங்கள் லயத்தில் பெரும்பாலும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மாசியில் காமன் கூத்து நடக்கும், திருவிழாவில் தேர் வரும், பொங்கலுக்குச் சோறு வரும். அந்தச் சோற்றைச் சாப்பிடலாமா என்பது எங்கள் வீட்டு நித்தியப் பிரச்சினை. சாப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன ஊழியக்காரர் ஒருவர் இருந்தார். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து வாதாடலாம், வாதாடியும் இருக்கிறோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது அந்த வாதம் எங்களுக்குள் ஓய்ந்தது. மண்சரியும் என்று பயந்து லயத்தை விட்டு இறங்கியவர்கள் ஆலயத்திலும் படுத்தார்கள், கோயில் மண்டபத்திலும் படுத்தார்கள். பெரிய அண்டா கோயிலில்தான் இருந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே அண்டாவில் சமைத்தோம். ஜெபம் பண்ணிச் சாப்பிட்டவர்கள் பண்ணினார்கள். ரோடு இல்லை, ரயில் இல்லை, கரண்டும் இல்லை. பருப்பில் உப்புக் கூடியதைத் தவிர வேறு குறை யாரும் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதுகிற நான் எப்படி என்று கேட்டால், மோசம். போன வருடம் நான் வேலை செய்கிற இடத்தில் எனக்குப் பத்து வருடம் பின்னால் வந்த ஒருவருக்கு என்னுடைய அதே தரம் கிடைத்தது. சட்டப்படி எனக்கு ஒரு சதமும் குறையவில்லை. ஆனாலும் இரண்டு கிழமை எனக்குத் தூக்கம் இல்லை. கணக்குப் போட்டேன்: என் அனுபவம், என் பயிற்சி, மழையில் நான் நடந்த நடை. மனுவும் எழுதினேன். அனுப்புகிற அன்றைக்குத்தான் ஞாயிறு பாடசாலைப் பாட அட்டவணையைப் பார்த்தேன். மத்தேயு இருபது. தேவனுக்கு நகைச்சுவை உண்டு என்று சொல்கிறவர்களை நான் நம்பியதில்லை, அன்றைக்குக் கொஞ்சம் நம்பினேன். மனுவைக் கிழித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். கிழிக்கவில்லை, மேசை லாச்சியில்தான் இருக்கிறது.

பேதுருவைப் பற்றி ஒரு வரி வரும்: இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரியில் அவன் தூரத்தில் பின்னால் போனான் என்று. எனக்கு அந்த 'தூரம்' நல்லாப் பழக்கம். கொழுந்தெடுக்கப் புதிதாகப் போகிற பெண்ணைத் தேர்ந்தவளின் நிரைக்கு அடுத்த நிரையில்தான் விடுவார்கள். விரல் எப்படிப் போகிறது, எந்த இலையை விடுகிறாள், வழுக்குகிற இடத்தில் எங்கே காலை வைக்கிறாள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும். தூரத்து மலையிலிருந்து பார்த்தால் எல்லாரும் பச்சைக்குள் அசைகிற புள்ளிகள்தான், ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. நான் அம்மாயியின் பக்கத்து நிரையில் பதினெட்டு வருடம் இருந்தேன். அதுதான் நான் படித்த வேதபாடம்.

அவள் கண்ணை மூடியது 1998இல். பெரியாயி அதற்கு முன்பே போய்விட்டாள். இழவு வீட்டின் எட்டாம் நாள், எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மாவிடம் அந்தக் கூடைக் கதையைச் சொன்னேன். அம்மாயிக்கும் பெரியாயிக்கும் அத்தனை பாசம் போல என்றேன்.

அம்மா கையை நிறுத்தினாள். "பாசமா? ரெண்டு பேரும் பேசி இருவது வருஷத்துக்கு மேல இருக்கும். ஒனக்குத் தெரியாதா?"

1974 பஞ்சத்தின்போது நடந்ததை அப்போதுதான் சொன்னாள். மாவு இல்லை, அரிசி இல்லை, தோட்டங்களில் ஆட்கள் பட்டினியில் செத்த காலம். அம்மாவுக்குத் தம்பி ஒருவன் இருந்தானாம், ஒன்றரை வயது. அம்மாயி கடைசிக் காம்பராவுக்குப் போய் ஒரு சுண்டு மாவு கேட்டிருக்கிறாள். பெரியாயி வீட்டில் மாவு இருந்திருக்கிறது. இல்லையென்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். தம்பி அந்த மாதமே போய்விட்டான்.

"அப்ப எதுக்கு கொழுந்து போட்டா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? அவகிட்டதான் கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மா அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினாள்.

வருகிற ஞாயிறும் மத்தேயு இருபதுதான் எடுக்கப் போகிறேன். அந்தப் பையனுக்கு இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. பதினொரு மணிக்கு ஆராதனை. ஸ்டேஷனிலிருந்து ஏறி வர முக்கால் மணித்தியாலம் ஆகும். குடை கொண்டு வாருங்கள், அட்டைக்கு சவர்க்காரத் துண்டும் கொண்டு வாருங்கள். பிந்தினாலும் பரவாயில்லை, தேத்தண்ணி எடுத்து வைத்திருப்போம்.